ஏறிக்கொண்டே போன ஓட்டுமானி

வேட்பாளரின் தேர்தல் அலுவலகத்தில் நிற்க இடமில்லை. தெருத்தெருவாகப் போய் ஓட்டுக் கேட்க வேண்டிய தொண்டர் படை முழுவதும் ஒரு பெரிய திரையின் முன்னால் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தது. திரையில் ஓட்டுமானி. தொகுதி மக்களின் மனசை நொடிக்கு நொடி படித்துச் சொல்லும் கருவியாம். கொண்டுவந்தவர் பிரசார ஆலோசகர். தலைநகரிலிருந்து விமானத்தில் வந்தவர். விமானத்தில் வந்தவர் பொய் சொல்வாரா?

"அறுபத்தொண்ணு சதவீதம்" என்றார் ஆலோசகர். கைதட்டல். "அறுபத்திரண்டு." விசில் பறந்தது.

"இன்னும் ஒரு தவணை கட்டினா எழுபதைத் தொடும். வீடு வீடா அலையறதெல்லாம் பழைய காலம்."

வேட்பாளர் தலையாட்டினார். கையிருப்பு முழுவதும் ஏற்கெனவே கருவிக்குள் போயாயிற்று. மிச்சமிருந்தது மனைவியின் தையல் கடை. அதன் பத்திரத்தை அடகு வைக்கக் கையெழுத்து வாங்க அவரை அங்கேயே வரவழைத்திருந்தார்.

பதினெட்டு வருஷம் மிஷின் மிதித்து வாங்கிய கடை. நீட்டிய பேனாவை வாங்காமல் அந்த அம்மாள் நிதானமாகக் கேட்டார்.

"இது எது வழியா சார் மனசைப் படிக்குது?"

"இன்டர்நெட் வழியா, மேடம்."

அந்த அம்மாள் சுவரோரம் போய் இணைய வயரைப் பிடுங்கினார். திரை அறுபத்து மூன்று என்றது.

"பாத்தீங்களா, வயரே இல்லாம வேலை செய்யுது" என்று ஒரு தொண்டர் மெய்சிலிர்த்தார்.

இந்தக் கூட்டத்துக்கு இது போதாது என்று அந்த அம்மாளுக்குப் புரிந்தது. கணினியில் கணவர் பெயரை அழித்துவிட்டு, தட்டோடு நின்ற டீக்காரரின் பெயரை அடித்தார்.

"மேடம், அதைத் தொடாதீங்க" என்று ஆலோசகர் ஓடி வருவதற்குள் திரை கணக்கைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. அறுபத்து மூன்று.

"நான் மனுவே போடலீங்களே" என்றார் டீக்காரர், பயந்துபோய்.

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "அது வந்து... மறைமுக அலை."

"அப்ப அடுத்த தவணையை அவர்கிட்டயே வாங்கிக்குங்க சார்" என்றார் அந்த அம்மாள்.

வேட்பாளர் மனைவி பக்கம் திரும்பினார். "இப்ப என்னம்மா பண்றது?"

"நான் கடையைத் திறக்கப் போறேன். நீங்க போய் நாலு வீட்டுக் கதவைத் தட்டுங்க. எத்தனை பேரு திட்டுறாங்கன்னு நின்னு கேளுங்க."

மக்கள் மனசை மக்களைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்கும் மகா புத்திசாலிகளே, கொஞ்சம் யோசித்துத்தான் பாருங்களேன். அதற்கு இன்னும் எவனும் கட்டணம் வைக்கவில்லை.