சாக்குக்கடை ராவுத்தர் அவிழ்க்காத மூட்டை

சாக்குக்கடை ராவுத்தரைப் போல நாணயமான மனிதர் பாலக்காட்டுச் சீமையிலேயே கிடையாது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் நெஞ்சு படபடக்கும்.

எழுபதுகளில் நான் கொழிஞ்சாம்பாறைத் தபால் ஆபீசில் இருந்தேன். எதிரே அவர் கடை. ஒருநாள் கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்து போகிறார், கக்கத்தில் மடக்கிய குடை.

"ஏனுங்க ராவுத்தரே, குடையை விரிக்கலாமுங்களே?"

"கடையில ஒருத்தர் மறந்துட்டுப் போனதுங்க சார். குடுக்கத்தான் போறேன். அவரக் கேக்காம எப்படிங்க விரிக்கறது?"

இவரிடம்தான் டோல்மா என்கிற அம்மாள் தன் மூட்டையை ஒப்படைத்தார். திபெத்திலிருந்து அகதியாக வந்து மைசூர்ப் பக்கம் குடியேறியவர். குளிர்காலத்தில் எங்கள் சந்தையில் ஸ்வெட்டர் விற்பார். எங்கள் வெயிலில் யார் வாங்குவார் என்கிறீர்களா? இடுக்கி, நெல்லியாம்பதி எஸ்டேட்டுகளுக்குப் போகிறவர்கள் வாங்குவார்கள். ஒரு வருஷம் சீசன் முடிவில் விற்காததைக் கட்டி வைத்து, "பாய், யாரும் அவிழ்க்காது" என்றார். ராவுத்தர் தலையாட்டினார். தீர்ந்தது கதை.

அடுத்த வருஷம் டோல்மா வரவில்லை. அந்த மார்கழியில் ராவுத்தர் வீட்டம்மாவுக்குக் குளிர்காய்ச்சல். மனிதர் என்னிடம் கம்பளி கேட்டு ஓடி வந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மூட்டை நெறைய ஸ்வெட்டர் இருக்குதுங்களே?"

"அது அந்தம்மாளுதுங்க" என்றபடி என் ஒரே கம்பளியைக் கொண்டுபோனார்.

பிறகு கடையில் சின்னப் பூச்சிகள் பறக்க ஆரம்பித்தன. மூட்டையைப் பிரித்து வெயிலில் போடுங்கள் என்று கடைவீதியே கெஞ்சியது.

"அவுக்கறதில்லைன்னு சொல்லிப்போட்டனுங்க."

அதற்கடுத்த குளிருக்கு டோல்மா வந்தார். இடையில் நோயில் கிடந்தாராம். முடிச்சை அவிழ்த்தார். ஸ்வெட்டரின் கையை எடுத்தால் உடம்பு வரவில்லை, உடம்பை எடுத்தால் கழுத்து வரவில்லை. அத்தனையும் சல்லடை.

ராவுத்தர் முகத்தில் ரத்தமே இல்லை. "வாக்கைக் காப்பாத்தறேன்னு சரக்கைத் தொலைச்சுப்போட்டனே அம்மணி. இனி என்னை நம்பி எதும் வெக்காதீங்க."

டோல்மா அவிழ்த்த கயிற்றையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரே கட்டிய முடிச்சு, அன்றுவரை வேறு கை படவில்லை. பிறகு ஸ்வெட்டரின் ஓட்டை வழியாக ராவுத்தரைப் பார்த்துச் சிரித்தார்.

"பூச்சி தின்னுச்சு. பாய் தின்னலை."

அந்த சீசன் முடிவில், அவரோடு வந்த திபெத்துக்காரர்கள் அத்தனை பேரும் மூட்டைகளைக் கொண்டுவந்து அந்தக் கடையில் அடுக்கினார்கள். இந்த முறை, "வெயில்ல போடு பாய்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார் டோல்மா.

ராவுத்தரைப் பார்த்து அதிகம் சிரித்தவன் நான்தான். ஆறு மாதம் வெளியூர் போக நேர்ந்தபோது வீட்டுச் சாவியை அவரிடம்தான் கொடுத்தேன். கதவைத் திறந்து கூட்டிப் பெருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு எத்தனையோ ஊர்களில் குடியிருந்துவிட்டேன். சாவி கொடுக்க இன்னொரு ஆள் எனக்குக் கிடைக்கவில்லை.