பிடரிப் போர்

வெண்மா படிந்த வீரத்தோள் வாழ்க! அனல் கக்கும் அடுப்பின் முன் அஞ்சாது நின்று, ஊரார்க்கெல்லாம் ரொட்டி ஈந்த அடுமனைக் கோமானின் புகழ் வாழ்க! பெருந்தொற்று உலகத்தையே கதவடைத்து வைத்திருந்த அந்நாளில், அவ்வீரர்தம் பிடரியிலே செங்கொடி நாட்டிப் பாசறை அமைத்தது ஒரு பகைப்படை. வாளினும் கூரிய அப்பகையின் பெயர் அரிப்பு.

மாவு பிசையும் கை அடிக்கடி பிடரிக்குப் போய்வரக் கண்ட அடுமனை முதலாளி, ஒட்டுவாரொட்டி அன்று என மருத்துவர் மொழியும்வரை மாவைத் தீண்டற்க என்று ஆணையிட்டு வீட்டுக்கு அனுப்பினார். மருத்துவமனையோ, நேரில் வாரற்க, காணொளியில் வருக என்றது.

ஆகவே, சாளரத்தருகே முக்காலியே அரியணையாக வீற்றிருந்து, சிங்கம் பிடரி சிலிர்த்தாற்போல் சட்டைக் காலரை இழுத்திறக்கி, எக்களத்தும் முதுகு காட்டாத அம்மறவர் முதன்முறையாக முதுகு காட்டினார். பின்னின்ற மனையாள் கைப்பேசியை வேலென ஏந்தினாள். திரையில் தோன்றிய தோல் மருத்துவர் உற்று நோக்கி, மீண்டும் உற்று நோக்கி, உரைத்தருளினார்:

“ஒண்ணுமே இல்லையேங்க. குழந்தைத் தோல் மாதிரி வழவழன்னு இருக்கு.”

இடியோசை கேட்ட நாகமெனத் துடித்தார் வீரர். விளக்குகள் எரிந்தன, திரைச்சீலை விலகியது, கைப்பேசி நெருங்கியது, அகன்றது, கூரையைக் காட்டியது, மனையாளின் கட்டைவிரலைக் காட்டியது. எங்ஙனம் காட்டினும் பிடரி பளிங்கே! அடுத்தவர் காத்திருக்கிறார் என்று மருத்துவர் விடைபெற முனைய, குடும்பத்தின் பிழைப்பே நூலிழையில் ஊசலாட, திரையோரம் மினுங்கிய ஒரு சிறு நட்சத்திரம் மனையாளின் கண்ணில் பட்டது.

“ஏங்க, போன்ல இந்த பியூட்டி ஃபில்டரை யாரு போட்டு வச்சது? இந்த வீட்ல இருக்கிறது நாம ரெண்டு பேரு. நான் போடல.”

கோமானின் கை பிடரியை விட்டு மீசைக்குப் போயிற்று. கைப்பேசியினுள்ளே, அம்மீசைக்கு மை பூசிக் குளியலறைக் கண்ணாடி முன் அவர் தனித்தெடுத்த திருவுருவப் படங்கள் அணிவகுத்து நின்றன. மனையாளின் விரல் அம்மாயத்தை அழித்தது. அழித்த கணமே, செருக்களத்துக் குருதிப்பூக்களெனத் தடிப்புகள் அத்தனையும் பிடரியின் குறுக்கே ஒரே கோடாய் எழுந்தன.

“மாஸ்க் நாடாவை அங்கதானே முடிச்சுப் போடுறீங்க? அதுதான் ஒத்துக்கல. யாருக்கும் ஒட்டாது, வேலைக்குப் போங்க. இனிமே காதுல மாட்டுற மாஸ்க்கா வாங்கிக்குங்க” என்றார் மருத்துவர்.

காக்க வந்த கவசமே பகையாய் முடிந்த விந்தையை வியந்து, முக்காலி அதிர எழுந்து, வாகை சூடிய வேந்தெனத் தலைநிமிர்ந்து, புதுக்கவசம் செவிகளில் பூண்டு, மறுநாட்காலை அடுமனைக்களம் புகுந்தார் அம்மாவீரர்.

சாயங்காலம் காது அரித்தது.