தோற்றாலும் சிரிக்கிற மாப்பிள்ளை

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் அந்தக் காலத்தில் நடந்த கல்யாணங்களை இரண்டாகப் பிரிக்கலாம். மகாராணி அக்காவை ஒரு வார்த்தை கேட்டு நடந்தவை, கேட்காமல் நடந்தவை. முதல் வகை ஜோடிகள் இன்றைக்கும் ஒரே பைக்கில் கோயிலுக்குப் போகிறார்கள். இரண்டாவது வகையைப் பற்றிக் கோர்ட் வாசலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அவர் தரகர் இல்லை, ஜோசியரும் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு சீனியர் ஆபரேட்டர். வயது நாற்பதைத் தொட்டிருக்கும், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தலை நிறையக் கதம்பம் வைத்து அதன் மேல் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார். மகாராணி என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது. சம்பள நாளில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம். அப்போது வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் பதிய வேண்டும். நாங்கள் போர்டில் கார்டு என்கிற வயரைச் செருகி லைன் போட்டுக் கொடுப்போம். மூன்று நிமிடம் ஆனதும் நடுவில் நுழைந்து, "டைம் முடிஞ்சிதுங்க, இன்னும் பேசறீங்களா?" என்று கேட்போம். பேச்சை நீட்டுவதும் அறுப்பதும் எங்கள் கையில் இருந்தது. அந்த அதிகாரத்தை மகாராணி அக்கா மாதிரி ரசித்துச் செலவு செய்தவர் யாரும் கிடையாது.

காரணம், அவர் மடியில் எப்போதும் இருந்த சரித்திர நாவல். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்களைக் கிழித்துத் தைத்த தொகுப்புகள் அவரிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. அவற்றில் போரைப் படிக்க மாட்டார். கோட்டை வர்ணனையைப் புரட்டித் தள்ளிவிடுவார். ஜோடி வருகிற பக்கம் வந்தால் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டுக்கொள்வார். அந்த நேரம் பார்த்து எவனாவது கூப்பிட்டுவிட்டால் தீர்ந்தது.

"யாரது? எந்த நாட்டுக்குப் போவணும்?"

"விழுப்புரம்மா."

"இரு, தூது போயிருக்குது. வந்ததும் சொல்றேன்."

எங்கள் மேலதிகாரி ஜே.இ. ஒருமுறை புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் தலையைச் சொறிந்துகொண்டு வந்து இரண்டாம் பாகம் கேட்டார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. "அந்த இளவரசன் மந்திரி பொண்ணையே கட்டியிருக்கலாம்மா" என்று அபிப்பிராயமும் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஜே.இ. தன் வீட்டுக்குப் பேசும்போதெல்லாம் கரகரவென்ற லைன்தான் அமைந்தது. கேட்டால், "மழை வர்றாப்புல இருக்குது சார்" என்பார் அக்கா. சித்திரை மாத வெயிலில்.

சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு வகுப்பு நடக்கும். அந்த வருடம் அவர் மூழ்கிக் கிடந்தது ஓர் உப்பு வணிகர் கதையில். கதாநாயகி உப்பு வண்டிகளை ஊர் ஊராக ஓட்டிப் போகிற கூட்டத்துக்குத் தலைவி. கதாநாயகன் சுங்கச்சாவடியில் வரி வாங்குகிற தளபதி.

"இந்த ஜோடி ஏன் புடிக்குது, சொல்லுங்கடி."

"அவன் அழகா இருக்கான்க்கா" என்றேன் நான்.

"அழகு வேணும்னா ஜவுளிக்கடை பொம்மைய கட்டிக்கயேன்."

"குதிரை ஓட்றான்."

"பஸ் ஸ்டாண்டு ஜட்காக்காரரும்தான் ஓட்றாரு. போறியா?"

பிறகு ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே தன் சித்தாந்தத்தைச் சொல்வார். ஜோடி என்றால் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வேலை இருக்க வேண்டும். காதல் அந்த வேலைக்கு நடுவில், கிடைத்த சந்தில் நடக்க வேண்டும். சாளரத்தில் உட்கார்ந்து நிலாவைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற இளவரசிகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. "அவளுக்கு வேற பொழப்பே இல்லியா? ஒரு முறுக்காவது சுட்டு விக்கலாமில்ல?" என்பார். அடுத்தது, இருவரும் நன்றாகச் சண்டை போட வேண்டும். முக்கியமானது கடைசியில் வரும்.

"வில்லனுக்கும் மீச இருக்குது. வில்லனும் வாள் சுத்தறான், அவளத்தான் ஆசப்படறான். அப்ப எவன் ஹீரோன்னு எப்பிடி கண்டுபுடிப்ப? அவ கிட்ட தோக்கறப்ப பாரு. மூஞ்ச தூக்கி வச்சிக்கினா வில்லன். தோத்துட்டு வாய் வுட்டு சிரிச்சான்னா அவன்தான் ஆளு. அவளும் ஜெயிச்சிட்டமேன்னு மெதிக்கக் கூடாது. அவன் எழுந்து நிக்க ஒரு வழி வுடணும். இது ரெண்டும் இருந்தா மத்த எதுவும் வாணாம்."

உப்புக்காரி சுங்கச்சாவடியில் தளபதியை அவன் வீரர்கள் முன்னாலேயே வாதாடித் தோற்கடிக்கிறாள். அவன் சிரித்துவிட்டுக் கதவைத் திறந்து விடுகிறான். பின்னால் அவன் கோட்டை முற்றுகையில் கிடக்கும்போது, யாரும் கூப்பிடாமல் அவள் வண்டிகளோடு வந்து நிற்கிறாள். அந்தப் பக்கத்தை அக்கா எங்களுக்கு எத்தனையோ தடவை படித்துக் காட்டியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் மூக்கை உறிஞ்சுவார்.

இதே தராசைத்தான் ட்ரங்க் கால் பேசுகிறவர்களுக்கும் வைத்தார். சென்னையில் வேலை பார்க்கிற புருஷனும் இங்கே இருக்கிற பெண்டாட்டியும் பேசுவார்கள். சண்டை ரசமாகப் போனால் மூன்று நிமிடம் என்பது முப்பதானாலும் குறுக்கே போக மாட்டார். புருஷன் முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தால், "டைம் முடிஞ்சிதுங்க." டொக். அவன் யோசிக்கட்டும் என்பார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லோருக்கும் ஒரே நிபந்தனை: வேலையை விட வேண்டும். நாள் முழுக்க முகம் தெரியாத ஆம்பிளைகளோடு பேசுகிற வேலையாம். பரீட்சை எழுதி நானே வாங்கிய வேலை அது. விட எனக்கு மனசே இல்லை. அதுவரை அந்த நிபந்தனையைப் போடாமல் இருந்த ஒரே ஜாதகம் மணலூர்பேட்டையில் இருந்து வந்தது. மாப்பிள்ளை கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். போட்டோவில் காது கொஞ்சம் பெரிது. எனக்கு அந்தக் காது பிடித்துவிட்டது.

ஆவணி கடைசி ஞாயிறு சங்கராபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அந்த வாரம் பார்த்து இடஒதுக்கீட்டுக்காக மறியல் தொடங்கியது. அந்தப் போராட்டத்தின் நியாயமும் அதில் போன உயிர்களும் பெரிய விஷயம். அதை எழுதத் தகுந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். என் பங்குக்குத் தெரிந்தது, சாலை நெடுக மரங்கள் சாய்ந்து கிடந்தன, ஒரு பஸ் ஓடவில்லை. நான் கள்ளக்குறிச்சியில். அப்பா அம்மா சங்கராபுரத்தில். மாப்பிள்ளை மலை மேல். அவரைப் பெற்றவர்கள் மணலூர்பேட்டையில்.

மாப்பிள்ளையின் அப்பா கரும்பு விவசாயி, சகுனத்தில் கெட்டி. மணலூர்பேட்டை ரைஸ் மில் போனில் இருந்து எங்கள் அப்பாவைக் கூப்பிட்டார். "மரமே குறுக்க வுழுந்திடுச்சிங்க. இதுக்கு மேல இன்னா சகுனம் வேணும்? ஆவணி முடியறதுக்குள்ள பொண்ணு பாத்துடணும்னு இருக்கறோம். இங்கியே ரெண்டு தெரு தள்ளி ஒரு பொண்ணு இருக்குது" என்றார். அந்தப் பெண்ணைப் பார்க்க பஸ்ஸே வேண்டாம்.

அந்த ட்ரங்க் காலைப் போட்டுக் கொடுத்தது மகாராணி அக்காதான். ஒட்டுக்கேட்டாரா என்று கேட்காதீர்கள். அவர் பாஷையில் அதற்கு லைன் டெஸ்ட் என்று பெயர்.

"ரோடுதானடி மூடியிருக்குது" என்றார் என்னிடம். "லைன் தெறந்துதான இருக்குது? பொண்ணு பாக்கறதுக்கு கால் எதுக்கு, காது போதும். ஞாயித்துக்கெழம அவங்க வரட்டும். நம்ம போர்டுக்கு."

சொன்னபடியே ஞாயிறு பகல் மூன்று திசையையும் ஒன்றாகப் போர்டில் செருகினார். வெள்ளிமலை போஸ்ட் ஆபீசில் மாப்பிள்ளை. மணலூர்பேட்டை ரைஸ் மில்லில் அவர் அப்பா, அம்மா. சங்கராபுரம் உரக்கடையில் என் அப்பா. அவர் கடைசி வரை "ஆமாங்க" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால், "குரல்ல தெரியும்டி" என்றார் அக்கா.

மணலூர்பேட்டையில் காது கேட்பதற்காக மில்லையே நிறுத்திவிட்டார்கள். பெண் பார்ப்பதென்றால் பஜ்ஜி இல்லாமலா என்று மில்காரர் கடையில் வாங்கி வந்திருந்தார். நான் வணக்கம் சொன்னபோது எதிர்முனையில் பத்து பேர் மென்றுகொண்டிருந்தார்கள்.

"பொண்ணு பாடுமா?" என்று மாமியார் கேட்டார். எனக்குப் பாட்டு வராது. வருவதைச் சொன்னேன்: "ஹலோ, கள்ளக்குறிச்சி ட்ரங்க், நம்பர் சொல்லுங்க."

"கொரலு நல்லாதான் கீது" என்று சான்றிதழ் வந்தது.

அடுத்து மாமனார் தொண்டையைச் செருமினார். "அப்புறம், கல்யாணத்துக்கு அப்பால பொண்ணு வேலைய வுட்..."

"டைம் முடிஞ்சிதுங்க" என்றார் மகாராணி அக்கா. டொக்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி செருகினார். "சொல்லுங்க, இப்பதான் லைன் கெடச்சிது."

"இல்லம்மா, அந்த வேலைய..."

டொக்.

மூன்றாம் தடவை மனிதர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். "வேலைய வுட்டுட்டு மலைக்கு வந்துடுதா பொண்ணு?"

அப்போது எங்கிருந்தோ ஒரு பெண் குரல், "ஏங்க வுடணும்?" என்று கேட்டது. திருக்கோவிலூர் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர். மணலூர்பேட்டை லைன் அவர் வழியாகத்தான் வர வேண்டும். அவரும் அன்று லைன் டெஸ்ட் செய்துகொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். இனி நான்தான் பேச வேண்டும். "விட மாட்டேங்க" என்றேன்.

பஜ்ஜி மெல்லுகிற சத்தம் நின்றது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்போது வெள்ளிமலைக் குரல் முதல்முறையாகக் கேட்டது. "மலையில நல்ல காத்துங்க. வந்து பாத்தீங்கன்னா புடிக்கும்."

"காத்து இருக்குது. எக்ஸ்சேஞ்ச் இருக்குதா?"

"ஸ்கூலு இருக்குது."

"கள்ளக்குறிச்சில ஸ்கூலே இல்லீங்களா? நான் மேல வந்தா எனக்கு வேல கெடயாது. நீங்க கீழ வந்தா உங்களுக்கு வேல உண்டு. நீங்க கணக்கு வாத்தியார்தானே, நீங்களே சொல்லுங்க."

அக்கா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. பிறகு ஒரு சிரிப்பு. மலையில் இருந்து இறங்கி, அத்தனை கம்பத்தையும் தாண்டி, என் காதுக்கு வந்து சேர்ந்த சிரிப்பு.

"நான் தோத்துட்டேங்க" என்றார்.

மகாராணி அக்கா அங்கேயே எழுந்து நின்றுவிட்டார். போர்டில் இரண்டு மூன்று கால்களுக்கு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. எந்த நாட்டுக்கும் அன்று தூது போகவில்லை.

எனக்கும் ஏதோ தைரியம் வந்தது. "நீங்க அந்தப் புள்ளைங்கள வுட்டுட்டு வரணும்னு இல்லீங்க" என்றேன். "அங்க இன்னொரு வாத்தியார் வர எத்தினி வருஷம் ஆவுமோ. நடுவுல கச்சிராயபாளையத்துல வூடு பாத்துக்கலாம். காலைல நீங்க மேல போற பஸ்ஸு, நான் கீழ போற பஸ்ஸு."

"டேய், இன்னாடா சிரிச்சிக்கினு கீற?" என்று மணலூர்பேட்டை குறுக்கிட்டது. "நான் ஒரு வார்த்த..."

"டைம் முடிஞ்..." என்று அக்கா கார்டில் கையை வைத்தார்.

"இரும்மா, இரும்மா, கட் பண்ணிடாத" என்று அலறினார் மாமனார். "சம்மதம். வேலைக்கும் சம்மதம், கச்சிராயபாளையத்துக்கும் சம்மதம். போதுமா?"

"ஆமாங்க" என்றது உரக்கடை. மில்லில் யாரோ விசில் அடித்தார்கள். திருக்கோவிலூர் ஆபரேட்டர், "பொண்ணு நல்லா பேசுது, விட்றாதீங்க" என்று ஆசீர்வதித்துவிட்டு அடுத்த காலைக் கவனிக்கப் போனார்.

சாலைகள் திறந்து, புரட்டாசி போய், ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. மாலை மாற்றி, தாலி கட்டுகிற நேரத்தில் ஒரு குழப்பம். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால் மற்ற இரண்டையும் அவருடைய அக்காவோ தங்கையோ, அதாவது நாத்தனார் போட வேண்டும். அவருக்குக் கூடப் பிறந்த பெண் யாரும் இல்லை. ஒன்றுவிட்டவர்கள் இரண்டு பேர், யார் பெரியவர் என்று மேடையிலேயே முறைத்துக்கொண்டார்கள்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். "யாரும் வாணாம். என் லைன மாத்தி மாத்தி கட் பண்ணுச்சே ஒரு அம்மா, அத மேடைக்கு வரச் சொல்லு" என்றார். "நான் கரும்பு வெக்கறவன்னா புத்தியும் காஞ்ச சோகைன்னு நெனச்சிக்கினியாம்மா? மொத தடவ நீ கட் பண்ணப்பவே தெரியும்." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மகனுக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மகாராணி அக்கா கடைசி வரிசையில் இருந்து நடந்து வந்தார். ராணி நடை எல்லாம் இல்லை, மேடையேறும்போது புடவை தடுக்கியது. போர்டில் அத்தனை கார்டையும் பார்க்காமலே செருகுகிற கை, என் பின்கழுத்தில் அந்த இரண்டு முடிச்சையும் போடுவதற்குள் கயிற்றைப் பல தடவை நழுவ விட்டது. "இருடி, இருடி" என்று சொல்லிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். மாப்பிள்ளை மட்டும் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாத்தனார் கொடுமையைப் பற்றி ஊரில் எல்லாப் பெண்களும் கதை கதையாகச் சொல்கிறார்கள். என் முறை வரும்போது சொல்வதற்கு என்னிடம் ஒரு வரி கூட இல்லை.