பக்கத்துக்கு ஒரு சிலுவை

அந்த அறையில் இருந்தவர்கள்: மைசூர் பல்கலைக்கழக விசாரணைக் குழுத் தலைவர், கொள்ளேகால்காரர், தமிழ் பேசுவார். கண்ணாடி போட்ட ஒரு மேடம். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு குமாஸ்தா. எம்.எஸ்சி. படிக்கும் என் மகள் ஸ்டெல்லா. ஐந்தாம் வகுப்பு படித்த நான்.

விசாரணைக்கு வரச் சொன்ன கடிதம் ஸ்டெல்லா பெயருக்குத்தான் வந்தது. குற்றவாளி நான்.

எதை எழுதினாலும் மேலே சின்னதாகச் சிலுவை போடுவேன். மளிகைச் சீட்டிலும் இருக்கும். பரீட்சைத் தாளிலும் பக்கத்துக்கு ஒன்று போடச் சொன்னேன்.

"அம்மா, எந்த அடையாளமும் போடக் கூடாதுன்னு தாள்லயே அச்சடிச்சிருக்கு."

"அது மத்த அடையாளத்துக்கு. நீ போடலைன்னா நான் சாப்பிட மாட்டேன்."

போட்டாள். திருத்தியவர் அதை ரகசிய சிக்னல் என்று எழுதி மேலே அனுப்பிவிட்டார். நிரூபித்தால் அந்த செமஸ்டர் முழுக்க ரத்து. ஒரு வருடம் போய்விடும்.

தலைவர் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"யாருக்குங்கம்மா இந்த சிக்னலு?"

"இயேசுவுக்கு சார்."

"அவரு எங்க பேப்பர் திருத்த வர்றதில்லீங்களே."

ஸ்டெல்லா என் காலை மிதித்தாள். "சும்னிரும்மா!"

பதற்றத்தில் அவளுக்குக் கன்னடம்தான் வரும். சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அவள் மாட்டேன் என்றாள், நான்தான் விடவில்லை, மைசூர் முழுக்கச் சித்தாள் வேலை பார்த்துப் படிக்க வைக்கிறேன், தண்டனையை எனக்குக் கொடுங்கள் என்றேன். (நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்று மட்டும்தான்.)

"சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்று வெள்ளைத் தாள் கொடுத்தார்.

பேனாவை எடுத்துக் குனிந்தேன். மேடம் சிரித்துவிட்டார். ஸ்டெல்லா முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு எழுத்துக்கூட இன்னும் எழுதவில்லை. தாளின் உச்சியில் சிலுவை மட்டும் இருந்தது.

"இதுக்கு மேல சாட்சி வேணுமா மேடம்?" என்றார் தலைவர்.

அந்த ஒரு பேப்பரை மட்டும் ரத்து செய்து, மறுபடி எழுதச் சொன்னார்கள். ஸ்டெல்லா தலை நிமிராமல் படித்தாள். நான் ஒரு நாள் விடாமல் காலைப் பூசைக்குப் போய்விட்டு வேலைக்குப் போனேன். எழுபத்தெட்டு வாங்கினாள்.

இப்போது அவள் காலேஜில் பாடம் எடுக்கிறாள். மாப்பிள்ளை வந்ததும் முதலில் கேட்பது இதுதான்: "அத்தை, அந்த எழுபத்தெட்டுல உங்க செபத்துக்கு எத்தன மார்க்?"

"பாதி."

"படிச்சது நானு. ரெண்டு தர்றேன், போம்மா" என்பாள் அவள்.

நான் விடவில்லை. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்குப் பேரம் பேசி ஏற்றிக்கொண்டு வருகிறேன். இன்றைய நிலவரம்:

எட்டு.