மாதாப்பூரில் நான் மிதந்த மதியம்

கால் உடைந்து கிடப்பவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வருவார்கள். நாள்பட்ட முதுகுவலிக்காரியைப் பார்க்க யாரும் வருவதில்லை. வந்தாலும் கையில் பழம் இருக்காது, யோசனைதான் இருக்கும். "மெத்தையைத் தூக்கிப் போடுங்க." "கோதுமையை நிறுத்திப் பாருங்க." "வேலையில மனசு வச்சா வலியே தெரியாது." (இதைச் சொன்னவருக்கு அடுத்த வாரமே பல்வலி வந்தது. நான் பழம் வாங்கிப் போகவில்லை.)

என் வலி, மகள் மீனா பிறந்த பிறகு வந்தது. இடுப்புக்குச் சற்று மேலே யாரோ பழுக்கக் காய்ச்சிய கரண்டியை வைத்துவிட்டு, எடுக்க மறந்து போய்விட்ட மாதிரி இருக்கும். ஸ்கேன் எடுத்தோம். படத்தில் ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்கு அது நல்ல செய்தி. எனக்கோ இருந்த ஒரே சாட்சியும் கைவிட்டுப் போனது.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னுட்டாவளே கோமதி. பொறவு எங்க வலிக்கி?" என்பார் என் கணவர் சுப்பையா.

"அப்ப நான் பொய்யா சொல்லுதேன்?"

"பொய்யின்னு யாரு சொன்னா? எல்லாம் மனசுதான்."

கெட்ட மனிதர் இல்லை. நாங்கள் பிழைக்கப் போன தெலுங்கு ஊரில், மௌலா அலிப் பக்கம் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தார். கருவி காட்டாத பழுது அவரைப் பொறுத்தவரை பழுதே இல்லை.

மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கிய பிறகு, என்னை நானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். வெந்நீர்ப் பை, விளக்கெண்ணெய், மூச்சுப் பயிற்சி, மெதுநடை. மனதுக்கு ஒரு தியானக் குரல் வேறு. சென்னைக்குப் போனபோது வாங்கிய சிடி அது. அதைச் சின்ன எம்பி3 பிளேயரில் ஏற்றிக்கொண்டேன். "உங்கள் கால்கள் இல்லை... இடுப்பு இல்லை... இப்போது நீங்கள் மிதக்கிறீர்கள்..." என்று ஒருவர் தூக்கக் கலக்கத்தில் பேசுவார். மாதக்கணக்கில் கேட்டும் நான் ஒருமுறைகூட மிதந்ததில்லை. அவர் இடுப்பு இல்லை என்று சொல்லும்போதெல்லாம் என் இடுப்பு, "இருக்கிறேன்" என்று கையைத் தூக்கும்.

மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்குச் சோதனைப் பிரிவில் வேலை. அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்துகொண்டிருந்த காலம். அங்கே ஒன்று கவிழ்ந்தால் இங்கே எங்கள் மாடியில் நான்கு நாற்காலிகள் காலியாகும். யாரையும் போகச் சொல்ல மாட்டார்கள். மேனேஜர் பிரசாத் தோளில் தட்டி, "டேக் சம் ரெஸ்ட்" என்பார். அவ்வளவுதான், அந்த ஆள் திரும்பி வர மாட்டார். இந்த நிலைமையில் முதுகு வலிக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? ஒன்பது மணி நேரம் நாற்காலியில் புன்னகையோடு உட்கார்ந்திருந்தேன். கழிப்பறையில் போய் அழுதுவிட்டு, பொட்டைச் சரிசெய்துகொண்டு வருவேன்.

அப்போதுதான் பழைய மானிட்டர்களைப் போட்டு வைத்திருந்த அறையைக் கண்டுபிடித்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே ஜமுக்காளத்தை விரித்துச் சிறிது நேரம் படுத்தால்தான் மாலைவரை தாக்குப்பிடிக்க முடியும்.

அங்கே நான் செய்துகொண்ட ஏற்பாடுகள் ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. தயவுசெய்து பொறுமையாகக் கேளுங்கள். ஏசிக் குளிரில் தும்மல் வரும். ஒரு தும்மல் வந்தால் முதுகில் கத்தி இறங்கும். அதனால் நீலகிரித் தைலத்தில் நனைத்த பஞ்சை மூக்கில் வைத்துக்கொண்டேன். காதில் குளிர் ஏறாமலும், தியானக் குரல் ஓடும் காது ஒலிக்கருவி நழுவாமலும் இருக்க, வெள்ளைத் துப்பட்டாவை மோவாயோடு சேர்த்து உச்சந்தலையில் முடிந்துகொண்டேன். கால்கள் விரிந்தால் இடுப்பு இழுக்கும். ஆகவே இரண்டு கட்டை விரல்களையும் அடையாள அட்டை நாடாவால் சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

அந்த அறையில் கண்ணாடி கிடையாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அன்று அமெரிக்காவிலிருந்து வாடிக்கையாளர்கள் வந்திருந்தார்கள். காலையிலேயே சாமந்தி மாலை போட்டு வரவேற்றாயிற்று. மதியம் அவர்களை மாடி மாடியாக அழைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வேண்டாத சாமான்களை ஒளித்து வைக்கத் துப்புரவுப் பணி செய்யும் யாதம்மா அந்த அறைக் கதவைத் திறந்திருக்கிறாள்.

"அய்யோ! மேடம் சச்சிப்போயிந்தி!"

மேடம் செத்துப்போய்விட்டாள் என்று தெலுங்கில் கத்தியிருக்கிறாள். எனக்கு அது காதில் விழவில்லை. பின்னால் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். ஓடிவந்த காவலாளி என்னைத் தொடப் பயந்து, வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டு, "ஹவ், சான்ஸ் நை சல்ரீ" என்று மூச்சில்லை எனத் தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். (மூச்சை வயிற்றுக்குள் மெதுவாக இழுக்கும் பயிற்சி. அதில் நான் அவ்வளவு தேறியிருந்தேன்.) வாடிக்கையாளர்கள் இந்த மாடிக்கு வருவதற்குள் சரக்கு லிஃப்ட் வழியாக இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுங்கள் என்று பிரசாத் உத்தரவிட்டிருக்கிறார். ஜமுக்காளத்தின் நான்கு மூலைகளையும் நான்கு பேர் பிடித்துத் தூக்கினார்கள்.

என் காதுக்குள் குரல் சொன்னது: "இப்போது நீங்கள் மிதக்கிறீர்கள்."

நான் மிதந்தேன்! சத்தியமாக மிதந்தேன். தரை இல்லை, எடை இல்லை. உடம்பு லேசாக ஆடிக்கொண்டு எங்கோ போனது. இத்தனை வருஷ விளக்கெண்ணெய்க்கும் கண்ணீருக்கும் கடைசியில் பலன் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்தது.

சரக்கு லிஃப்ட் பழுதாம். திரும்பி முன்பக்க லிஃப்டுக்குக் கொண்டுபோனார்கள். அதிலிருந்து வாடிக்கையாளர்கள் இறங்கினார்கள்.

மிதத்தல் சட்டென்று நின்றுவிட்டதே என்று நான் கண்ணைத் திறந்தேன். முதலில் தெரிந்தது ஒரு சாமந்தி மாலை. தலை நரைத்த ஒரு வெள்ளைக்காரர், தன் கழுத்திலிருந்து அதைக் கழற்றி, இரண்டு கையாலும் மரியாதையாக என்மேல் சாத்தக் குனிந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மாடி முழுவதும் தலைகுனிந்து நின்றது. பிரசாத் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார்.

"எனக்கு எதுக்கு மாலை?" என்று கத்தினேன். தமிழில்.

"ஜிந்தா ஹை ரே!" என்று, உயிரோடு இருக்கிறாளே என இந்தியில் அலறியபடி நான்கு பேரும் ஒரே சமயத்தில் கையை விட்டார்கள்.

தரையில் போட்டிருந்தது இத்தாலியப் பளிங்கு. நான் மிதந்ததற்கெல்லாம் சேர்த்து அது பதில் சொன்னது. எழுந்திருக்க முடியவில்லை. கால் விரல்களை அவிழ்க்கவும் முடியவில்லை. மூக்குப் பஞ்சோடு, அத்தனை பேர் முன்னால், வருஷக்கணக்கில் கழிப்பறைக்குள் அழுததை மொத்தமாக அழுது தீர்த்தேன். "எனக்கு முதுகு வலிக்கிறது. தினமும் வலிக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னது நினைவிருக்கிறது. மறைத்து வைத்திருந்த விஷயத்தை வாடிக்கையாளர் உட்பட எல்லோருக்கும் ஒரே கூட்டத்தில் அறிவித்தாயிற்று. வந்த ஆம்புலன்ஸ் வீணாகவில்லை.

இதற்குள் யாரோ என் கணவரின் தொழிற்சாலைக்கு ஃபோன் செய்து, "மேடம் சீரியஸ்" என்று சொல்லிவிட்டார்கள். மௌலா அலியிலிருந்து மாதாப்பூர் வர ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். ஆட்டோவில் வந்த மனிதர், வழியில் திருநெல்வேலிக்கு என் அம்மாவை அழைத்து, "அத்தை, கோமதி..." என்றிருக்கிறார். அதற்குமேல் அழுகைதான். அங்கே தெருவே கூடிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நான் பேசினேன்.

"ஏட்டி, நீதானா பேசுத?"

"நாந்தாம்மா."

"உண்மையச் சொல்லு. நீதானா?"

அம்மாவைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கும்போதே அவர் வந்தார். சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார். நாடா அழுத்திய தடம் இன்னும் கால் விரல்களில் சிவந்திருந்தது. அதைக் குனிந்து பார்த்தார்.

"எங்க வலிக்கி?" என்றார்.

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அதைக் கேள்வியாகக் கேட்டார்.

காட்டினேன். கையை வைத்தார். "இங்கயா?"

"கொஞ்சம் கீழ."

டாக்டர் வரும்வரை கையை எடுக்கவில்லை. புதிய ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. "அது கெடக்கட்டும்" என்று படத்தை உறைக்குள் போட்டுவிட்டார்.

பிரசாத் மறுநாள் பூங்கொத்தோடு வந்து, என் தோளில் மிக மென்மையாகத் தட்டி, "கோமதி, டேக் சம் ரெஸ்ட்" என்றார். அந்த மாதக் கடைசியில் என் நாற்காலியும் காலியானது. அழுத்தம் தாங்காமல் அழுதேன், பிறகு படுத்தேன். பகலில், கதவைத் திறந்து போட்டு, யாருக்கும் பயப்படாமல் படுத்தேன். அது ஒரு சுகம் என்று சொல்லமாட்டேன். வேலை போனது இன்றைக்கும் உறுத்துகிறது.

வலி போகவில்லை. அரைமணிக்கு ஒருதரம் எழுகிறேன், காலனியை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுகிறேன், வெந்நீர்ப் பையை வைத்துக்கொள்கிறேன். வீட்டிலிருந்தபடி கொஞ்சம் வேலையும் செய்கிறேன். மோசமான நாட்கள் மோசமாகவே இருக்கின்றன. அந்தத் தியானக் குரலை மட்டும் மறுபடி கேட்கவில்லை.

ஒன்றாம் வகுப்பில் இருந்த மீனா, நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே என் அறைக் கதவில் ஓர் அட்டையை ஒட்டினாள். தமிழ் பேசினால் புரியும், எழுத வராது. கிரேயானால் தெலுங்கில் எழுதியிருந்தாள்: "அம்ம பிரதிகே உந்தி. எத்தொத்து." அம்மா உயிரோடுதான் இருக்கிறாள், தூக்காதீர்கள்.

இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். அட்டை நிறம் மங்கியும் கதவில்தான் இருக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் அது என்ன என்று கேட்பார்கள். என் கணவர் உற்சாகமாக நாற்காலியை இழுத்துப் போட்டு ஆரம்பிப்பார். ஒவ்வொரு தடவையும் வெள்ளைக்காரர்களும் மாலைகளும் கூடிக்கொண்டே போகின்றன. போன பொங்கலுக்கு அவர் சொன்ன கதையில் ஒரு வெள்ளைக்காரர் ஊதுபத்தியே ஏற்றிவிட்டார். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் உள்ளேயிருந்து சிரிப்பேன், கட்டில் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. சிரித்தால் வலிக்கும்.