புகை விடுவோர் சங்கம்

தையல்காரர் தன் கால்சட்டையின் இடுப்புப் பட்டைக்குள் ஒரு ரகசியப் பை வைத்துத் தைத்திருந்தார். ஒரே ஒரு சிகரெட் நீட்டிப் படுக்கிற அளவு. வெளியிலிருந்து பார்த்தால் கடவுளுக்கே தெரியாது. ஆனால் அவர் கடையில் காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும் அவர் மனைவி. ஆணியில் தொங்கிய கால்சட்டையை எடுத்து மடிக்கும்போது அவள் விரல் அந்த இடத்தில் ஒரு நொடி நின்றது. மறுநாள் அவர் அவசரத்துக்குக் கைவிட்டுப் பார்த்தால், பையின் வாயைத் தைத்து வைத்திருந்தாள். சிகரெட் உள்ளேயே இருந்தது. தையல் அவர் போடுவதைவிடச் சீராக இருந்தது. அதுதான் கூடுதல் வயிற்றெரிச்சல்.

இப்படி மாட்டிக்கொள்வது நாலாவது தடவை. ஒளித்துப் பயனில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஊரறியச் செய்கிற காரியத்தைத்தான் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் சலூன்காரரும் ஒயர்மேனும் கடைக்கு வந்தார்கள். மூன்று தலைகளும் தையல் மெஷினுக்கு மேல் கூடின. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பட்டன் கட்டுகிறவளுக்குப் பேச்சு கேட்டுவிடக் கூடாதே என்று தையல்காரர் மெஷினை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தார். ஊசிக்குக் கீழே துணியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி முன்னால் போய் நின்றார்.

"நான் சிகரெட்டை விடப் போறேன்."

"எத்தனாவது தடவையா?"

"இது வேற மாதிரி. தனியா விட்டா முடியாதாம். கூட ரெண்டு பேர் சேர்ந்து விடணுமாம். ஒருத்தனுக்கு ஆசை வந்தா இன்னொருத்தன் பிடிச்சு நிறுத்துவான்."

"உங்களை யாரு நிறுத்துவா?"

"சலூன்காரர்."

"அவரை?"

"ஒயர்மேன்."

"ஒயர்மேனை?"

"நான்தான்."

அவள் ஊசியில் நூல் கோத்தாள். "எங்க வச்சு நிறுத்துவீங்க?"

"சலூன் மாடி ரூம்ல. தினமும் ஆறு மணிக்கு. ஒரு மணி நேரம்."

"கதவைச் சாத்திக்கிட்டா?"

"மனசு விட்டுப் பேசணும்ல."

"சரிங்க," என்றாள்.

அந்தச் 'சரி' தையல்காரருக்குச் சரியாகப் படவில்லை. கல்யாணமாகி எட்டு வருஷத்தில், குறைந்தது பத்துக் கேள்வி கேட்காமல் அவள் சரி சொன்னதில்லை. காய்ச்சல் கண்டிருக்குமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கையைத் தட்டிவிட்டாள். காய்ச்சல் இல்லை.

சாயங்காலம் அவர் செருப்பை மாட்டும்போதுதான் மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

"ஏங்க, சலூன்காரர் வீட்டு அக்காவைப் பார்த்தேன். அந்த மனுஷன் நெஜமாவே விட்டுட்டாராம்."

"யாரு, அவரா?"

"காலையிலேர்ந்து ஒண்ணுகூட இல்லையாம். பக்கத்துல யாராவது பத்த வச்சா தாங்க மாட்டேன், தையல்காரரை நம்பித்தான் இறங்கியிருக்கேன்னு சொல்லி அழுதாராம்."

"அழுதாரா?"

"ஒயர்மேனும் அப்படித்தானாம். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. ஆம்பளைங்க, கூச்சப்படுவாங்க."

மாடி அறையில் மூன்று நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு ஜன்னல். கதவைச் சாத்தினார்கள். தையல்காரரின் சட்டைப்பையில் புத்தம் புதுப் பெட்டி இருந்தது. மற்ற இருவரும் தாங்களாக எடுத்தால் நாமும் எடுக்கலாம் என்று காத்திருந்தார். யாரும் எடுக்கவில்லை. சலூன்காரர் ஜன்னலைப் பார்த்தார். ஒயர்மேன் மின்விசிறியைப் பார்த்தார். பாவம், எவ்வளவு கட்டுப்பாடு என்று தையல்காரர் நினைத்துக்கொண்டார். ஏழு மணிக்கு மூவரும் எழுந்து போனார்கள். போகும் வழியில் தையல்காரர் தன் பெட்டியைச் சாக்கடையில் போட்டார். அதன் வாசனை பட்டு சலூன்காரர் கெட்டுப்போய்விட்டால் அந்தப் பாவம் யாருக்கு?

ஆனால் மூன்றாம் நாளே சந்தேகம் வந்துவிட்டது. முப்பது வருஷமாக ஊதிய சலூன்காரர் ஒரே நாளில் விடுவாரா? வீட்டிலேயே ஊதிவிட்டு வந்து நல்லவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரோ? சலூன்காரரைக் கடைக்குக் கூப்பிட்டு, சட்டைக்கு அளவெடுக்கிறேன் என்று நாடாவை மார்பில் சுற்றி, கழுத்துப் பக்கம் மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். பவுடர் வாசனைதான் வந்தது. மறுநாள் முடிவெட்டப் போனால், சலூன்காரர் அவர் மீசையை ஒதுக்குகிற சாக்கில் மூக்கை உரசுகிற அளவுக்குக் குனிந்து மூச்சை இழுத்தார். ஒயர்மேன் கூப்பிடாமலே வீட்டுக்கு வந்து, ஃபியூஸ் பார்க்கிறேன் என்று ஏணி வைத்து ஏறி, பரண் முழுக்கத் துழாவிவிட்டு இறங்கினார். ஃபியூஸ் இருந்தது வாசலில்.

இரண்டாவது வாரம் தையல்காரர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். நடுவில் நின்று இளைப்பாறவில்லை. அதையும் அவர் நம்பவில்லை. இறங்கிப் போய் படிகளை எண்ணிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

அந்த ஒரு மணி நேரம் மட்டும் வேதனை. ஆசை தொண்டையில் வந்து நிற்கும். எதிரே இரண்டு உத்தமர்கள் உட்கார்ந்திருப்பார்கள். விழுங்கிக்கொள்வார்.

நாற்பதாவது நாள் சலூன்காரர் உடைந்துவிட்டார்.

"தம்பி, மனசு விட்டுடாதே. எங்கயாவது போய் ஒண்ணே ஒண்ணு பத்த வச்சுட்டு வந்துடறேன். நீ அந்தப் பக்கம் பார்க்காதே."

"நான் ஏன் பார்க்கக் கூடாது?"

"நீதான் தாங்க மாட்டியே. என்னை நம்பித்தான் விட்டேன்னு அழுதியாமே."

"நானா? அழுதது நீங்க."

இருவரும் ஒயர்மேனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பார்க்கறீங்க? அழுதது நீங்க ரெண்டு பேரும். அண்ணி வந்து சொன்னாங்க."

"எந்த அண்ணி?"

"நம்ம அண்ணிதான்." தையல்காரரைக் காட்டினார்.

"உங்களுக்கு யாருண்ணே சொன்னா?"

"என் வீட்டுக்காரி. அவகிட்ட உன் வீட்டுக்காரி சொன்னாளாம்."

ஒயர்மேன் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார்.

"அப்போ நம்மள்ல யாருமே விடணும்னு நினைக்கலையா?"

"யாருமே நினைக்கலை."

"நாற்பது நாளா?"

"நாற்பது நாளா ஒருத்தனுக்காக ஒருத்தன் செத்துக்கிட்டிருந்திருக்கோம்."

சலூன்காரர் கதவைத் திறந்து படியிறங்கினார். மற்ற இருவரும் பின்னாலேயே இறங்கினார்கள். மூவரிடமும் ஒரு சிகரெட் கிடையாது. ஆனால் தெருமுனையில் பெட்டிக்கடை இருக்கிறதே. அந்தக் கடைக்காரர் ஒன்றின் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைப்பவர். கடையே புகைவதாக நினைத்து ஒருமுறை யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். மற்ற இருவர் காதுக்குப் போய்விடுமே என்று பயந்து, நாற்பது நாளாக மூவருமே அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

"மூணு சிகரெட் குடுங்க," என்றார் தையல்காரர், மாலைபோட்டுக்கொள்ளப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து நின்று.

கடைக்காரர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சோதிச்சுப் பார்க்க வந்தீங்களா? நான் அசைய மாட்டேன்."

வழக்கமாகச் சிகரெட் இருக்கும் தட்டில் பென்சிலும் ரப்பரும் அடுக்கியிருந்தன.

"பக்கத்துல இருந்தா கை போகுது. அதான் விக்கறதையே நிறுத்திட்டேன். நீங்க மூணு பேரும் என்னைப் பார்த்துத்தானே விடறீங்க? நானே பத்த வச்சா உங்க கதி என்ன ஆகும்?"

"இதை யாரு உங்ககிட்ட சொன்னா?" தெரிந்துகொண்டேதான் கேட்டார் தையல்காரர்.

"உங்க வீட்டம்மாதான். நேர்ல வந்து கண் கலங்கச் சொல்லிட்டுப் போனாங்க. இன்னையோட நாற்பத்தோரு நாள் ஆச்சு."

தையல்காரர் விரல் விட்டு எண்ணினார். ஒருமுறை எண்ணியது போதாமல் இன்னொரு முறையும் எண்ணினார். சங்கம் தொடங்கப் போவதை அவர் மனைவியிடம் சொல்லியே நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முந்தின நாள், அவர் துணியில்லாமல் மெஷினை மிதித்த சனிக்கிழமை.