பூச்சியக்காவின் இருபது கூடுகள்

பட்டுப்பூச்சி கூட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு திருமலைப் படி ஏறத் தொடங்கி, பாதி வழியில் மனசு கேட்காமல் வந்துவிடட்டும் என்று வேண்டுதலை மாற்றிக்கொண்ட ஒரே ஆராய்ச்சி மாணவி, இந்த உலகத்தில் எங்கள் பூச்சியக்காதான். பெருமாளே குழம்பிப் போயிருப்பார்.

நகரியில் தறி ஓட்டும் வீட்டுப் பெண். திருப்பதி பெண்கள் விடுதியில் எங்கள் அறையின் நான்காவது கட்டில் அவளுடையது. புரதத்தைச் செரிக்கும் என்சைம்கள் பூச்சியின் வளர்ச்சியில் என்ன செய்கின்றன என்பதுதான் பிஎச்.டி. அதை எங்கே பேசுவது என்ற விவஸ்தை மட்டும் கிடையாது. மெஸ்ஸில் நாங்கள் பருப்பைப் பிசையும்போதுதான் ஆரம்பிப்பாள்.

“நீ துன்ற பருப்ப வயித்துல ஒரு என்சைம் வெட்டுதில்ல? கூட்டுக்குள்ள அந்த ஜாதி என்சைம்தான் புழுவோட பழைய ஒடம்பக் கரைக்குது. அந்தச் சரக்குலதான் பூச்சி புது ஒடம்பு கட்டிக்கினு வருது.”

எதிரில் இருப்பவள் எழுந்து போய்விடுவாள். அவளுடைய அப்பளத்தையும் அக்காவே சாப்பிடுவாள்.

வளர்ந்த பூச்சி வெளியே வருவதற்கும் அதே வகை என்சைம்தான். வாயிலிருந்து அதைக் கசியவிட்டுப் பட்டுநூலின் பசையை இளக்கி, நூலை விலக்கித் தலையை நீட்டும். மருந்து வைத்து என்சைமைத் தடுத்தால் பூச்சி உள்ளேயே மாட்டிக்கொள்ளும் என்று அக்கா நிரூபிக்க வேண்டும். இருபது கூடுகளுக்கு மருந்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதும். அதுதான் அவளால் முடியவில்லை. உள்ளே கீறுகிற சத்தம் கேட்டதும் பிளேடால் கூட்டை வெட்டிவிடுவாள். இப்படி இரண்டு முறை கெடுத்தாயிற்று. இந்தக் கடைசிப் பரிசோதனை முடிந்தால் அவள் விடுதியைக் காலி செய்து ஊருக்குக் கிளம்பிவிடலாம். இந்த முறையும் கெட்டால் இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று கைடு மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. லேப் பூட்டியிருந்ததால் கூடுகள் தட்டோடு எங்கள் அறைக்கு வந்தன. மற்ற இருவரும் ஊருக்குப் போயிருந்தார்கள். அக்கா பிளேடை என்னிடம் கொடுத்தாள்.

“நான் காலப் புடிச்சாலும் குடுக்காத. பத்து மணிக்கு மேடம் வந்து எண்ணட்டும்.”

காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள், ஒன்பதரை வரை திரும்பவே இல்லை. ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகு மேடத்தை அழைத்துவரக் கிளம்பினாள்.

எனக்குப் பஞ்சு இல்லை. ஒரு கூடு கரகரவென்றது. என்னால் தாங்க முடியவில்லை. ஒன்றே ஒன்று என்றுதான் வெட்டினேன். பக்கத்துக் கூடு மட்டும் என்ன பாவம் செய்தது?

அவர்கள் உள்ளே வந்தபோது பதினேழு பூச்சிகள் என் ரெக்கார்டு நோட்டின் மேல் உலாவிக்கொண்டிருந்தன. வெட்டியது யார் என்று மேடம் தெலுங்கில் கேட்டார். பிளேடு என் கையில். அத்தனை நேரமும் மேடத்தின் பக்கத்திலேயே நடந்து வந்த அக்கா, நான்தான் என்றாள்.

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று மாதம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அழ ஆரம்பித்தேன். அக்கா தட்டருகே உட்கார்ந்தாள்.

“அழுவாத. மீதி மூணையும் தெற.”

மூன்று மாதம் கழித்து, மேடத்தின் கண் முன்னாலேயே அந்தப் பரிசோதனையை அழுதுகொண்டே முடித்தாள். அவளுடைய மூன்று மாதத்தை வீணாக்கியதற்கு நான் பலமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் அந்த மூன்று மாதமும் அவள் எங்கள் அறையில் இருந்தாள் அல்லவா, வருத்தம் மட்டும் இன்றுவரை வரவில்லை.